முறுக்கு லீடர்: நிறைகள், குறைகள்

பிப்ரவரி 12, திங்கள்

ரங்கபாஷ்யம் போன் செய்தார். எங்கள் தூண்டில் சங்கத்தின் செயலாளர். துக்கம் விசாரித்து முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெள்ளி விழா மலருக்கு என் வீட்டுக்காரர் இன்னாசி எழுதித் தருவதாகச் சொன்ன கட்டுரை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். மனிதர் போய்ப் பத்து நாள்தான் ஆகிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மார்ச் ஐந்துக்குள் வேண்டுமாம்.

கட்டுரையின் தலைப்பை இன்னாசிதான் வைத்தார்: முறுக்கு லீடர், நிறைகள், குறைகள். நிறைகளை அவர் எழுதுவது, குறைகளை நான் எழுதுவது என்று பேச்சு. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நாங்கள் சேர்ந்து எழுத ஒத்துக்கொண்டது இது ஒன்றுதான். இப்போது இரண்டு பக்கமும் என் தலையில் விழுந்திருக்கிறது.

போஸ்டாபீசில் வேலை பார்த்தவள் நான். தேதி போடாமல் எதையும் எழுத வராது. அதனால் முதலில் இந்த டைரியில் குறிப்பெடுத்துக்கொள்கிறேன். டைரி அவருடையது. பிப்ரவரி இரண்டு வரை அவர் கையெழுத்து: கேஸ் சொல்ல வேண்டும், தூண்டில் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். மூன்றாம் தேதிப் பக்கம் காலி.

அவர் இருந்தவரை அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ‘ஏங்க’ என்றால் திரும்புவார். இப்போது இன்னாசி, இன்னாசி என்று எழுதிப் பார்க்கிறேன். கை கூசவில்லை.

இட்லி மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 13, செவ்வாய்

மலரைப் புரட்டப்போகிறவர்களில் பாதிப் பேர் உறுப்பினர்களின் வீட்டு ஆட்கள். தூண்டிலைத் தொட்டே பார்க்காதவர்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பார் இன்னாசி. ஆகவே அடியிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் மீன்பிடிப்பில் புழு கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈதான் இரை. ஈக்கு எடை இல்லாததால், வீசுவதற்குத் தூண்டில் கயிறு கனமாக இருக்க வேண்டும். கயிறு கனமாக இருந்தால் டிரவுட் மீன் பார்த்துவிட்டு ஓடும். அதனால் கனத்த கயிற்றுக்கும் ஈக்கும் நடுவில், போகப் போக மெலிகிற ஓர் இணைப்பு வேண்டும். அதுதான் லீடர். கடையில் விற்பது ஒற்றை நைலான் இழை. இன்னாசி செய்வது முறுக்கு லீடர். மெல்லிய நூலைப் பலகையில் அடித்த ஆணிகளின் மேல் பல இழையாக ஓட்டி, இரண்டு காலாகப் பிரித்து, ஒவ்வொரு காலையும் கை டிரில்லில் மாட்டி முறுக்குவார். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து விட்டால் அவை தாமாகவே ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். ஒன்று செய்ய மூன்று மணி நேரம். முனையில் ஒரு சின்னக் கண்ணி, அந்தக் கண்ணியில் மெல்லிய நைலான் ஒரு முழம், அதன் நுனியில் ஈ.

நிறை ஒன்று: தண்ணீரில் மெத்தென்று விழும். மீன் மிரளாது.

நிறை இரண்டு: கடை நைலான் பாக்கெட்டில் சுருண்டு கிடந்த சுருளோடே வெளியே வரும், இழுத்து நீவினாலும் போகாது. முறுக்கு லீடரை எப்படி மடக்கி வைத்தாலும், எடுத்தால் நேராக நிற்கும். எங்கே மடங்கிக் கிடந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஓசூரிலிருந்து வந்த ஜெனிட்டா இன்னும் இங்கேதான் இருக்கிறாள். ஒரே மகள். முப்பதாம் நாள் பூசை வரை இருக்கிறேன் என்றாள். கம்ப்யூட்டரில் இங்கிருந்தே வேலை பார்க்கிறாள். சிக்னல் போனால் குளிரில் மொட்டை மாடிக்கு ஓடுகிறாள்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். உள்ளே நுழைந்ததும் ஜெனிட்டா, ஆஸ்பத்திரியில் கொடுத்த பொருட்களின் பையைத் திறந்தாள். கைக்கடிகாரம், கண்ணாடி, விசில்.

விசிலைப் பற்றி எழுத வேண்டும். ஓடையில் இன்னாசி எப்போதும் மேலே, நான் கீழே. நடுவில் வளைவு இருக்கும், தண்ணீர் இரைச்சல் இருக்கும், கத்தினால் கேட்காது. ஒரு வருஷம் காட்டெருமை குறுக்கே வந்ததிலிருந்து ஆளுக்கொரு விசில். ஒரு தடவை ஊதினால் மீன் மாட்டியிருக்கிறது, கைவலையைக் கொண்டு வா. இரண்டு தடவை ஊதினால் ஆபத்து, உடனே வா. இது ஜெனிட்டாவுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். விசிலை அவர் சட்டைக்குள் போட்டுக்கொள்வார் என்பதும் தெரியும்.

“அப்பாவைத் தூக்கிட்டு வந்தப்போ விசில் சட்டைக்கு வெளியே கிடந்துச்சுன்னு சொன்னாங்கம்மா. ஊதினாரா?”

“தண்ணிச் சத்தம். எனக்கு ஒண்ணும் கேக்கல.”

எல்லாரிடமும் இதையே சொல்லி வருகிறேன். டாக்டரிடம், கோயில் சாமியாரிடம், அவருடைய அண்ணனிடம். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

பிப்ரவரி 16, வெள்ளி

குளிர். குழாயில் தண்ணீர் உறைந்து எட்டு மணிக்குத்தான் வந்தது. மீன் சமைக்கலாமா என்று ஜெனிட்டா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 17, சனி

நிறை மூன்று. இதுதான் முக்கியமான நிறை, இதற்காகத்தான் இன்னாசி முறுக்கு லீடரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். முறுக்கிய நூல் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். மீன் வெடுக்கென்று இழுத்தால் அந்த இழுப்பை லீடரே வாங்கிக்கொள்ளும், நுனி நைலானுக்குப் போகாது. அறுந்துபோகாது. அவர் இதைச் செய்ய ஆரம்பித்த இந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு மீன்கூட அவர் ஈயை அறுத்துக்கொண்டு போனதில்லை. மரம் பிடுங்கியிருக்கிறது, பாறை பிடுங்கியிருக்கிறது, மீன் இல்லை. சங்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லி எல்லாருடைய காதையும் அறுத்திருக்கிறார். நான் போன வருஷம் மட்டும் கடை நைலானில் ஏழு ஈ தொலைத்தேன். எண்ணி வைத்திருந்தது அவர்தான்.

அவருடைய தூண்டில் பீரோ மேல் இருக்கிறது. இரண்டாக மடக்கி, ஒரு துண்டில் சுற்றி, கயிறு கட்டி. அவர் போன மறுநாள், ஓடைக் காவலுக்கு இருக்கிற வாட்சர் போஜன் கொண்டு வந்து கொடுத்தார். யார் எடுத்தது, யார் சுற்றினது என்று அவருக்கும் தெரியவில்லை, ஜீப்பில் கிடந்ததாம். மூன்றாம் தேதி ஓடையில் நான் இன்னாசியின் முகத்தைத்தான் பார்த்தேன், தூண்டிலைப் பார்க்கவில்லை. இன்னும் பிரிக்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

குறைகள். என் பங்கு. இதற்கு யோசிக்கவே வேண்டாம்.

குறை ஒன்று: நூல் தண்ணீரைக் குடிக்கும். ஒவ்வொரு வீச்சிலும் மீனின் தலைக்கு மேலே தூறல் போடும். தேங்கிய தண்ணீரில் இது போதும், மீன் போய்விடும்.

குறை இரண்டு: குடித்த பிறகு மூழ்கும். மணிக்கொரு தரம் களிம்பு தடவ வேண்டும். அந்தக் களிம்பு என் சமையலறை டப்பா ஒன்றில்தான் இருந்தது. நெய் என்று நினைத்து ஒரு தடவை தோசையில் விட்டிருக்கிறேன். அவர் சாப்பிட்டுவிட்டு, தோசை இன்று நன்றாக மிதக்கிறது என்றார்.

குறை மூன்று: பாசி, புல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும்.

குறை நான்கு: கயிற்றோடு சேரும் இடத்தில் முடிச்சு தடிமன். ஒரேயடியாகச் சுற்றிவிட்டால் அந்த முடிச்சு தூண்டில் நுனி வளையத்துக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். எல்லாரும் வேலை முடிந்ததும் கயிற்றை முழுக்கச் சுற்றி, கைப்பிடியை ஒட்டி அதற்கென்றே இருக்கிற சின்ன வளையத்தில் ஈயை மாட்டுவார்கள். இன்னாசி லீடரைக் கைப்பிடிக்குக் கீழே ஒரு வளைப்பு வளைத்து, மறுபடி மேலே கொண்டுபோய், கயிறு ஓடுகிற வளையங்களில் மூன்றாவது வளையத்தில் மாட்டுவார். அப்படிச் செய்தால் முடிச்சு வெளியே நிற்கும். சங்கத்தில் வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. நான்கூடச் செய்ததில்லை, எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

பிப்ரவரி 22, வியாழன்

குறை ஐந்து: மரத்தில் மாட்டி இழுத்தால், ரப்பர் போலத் திரும்பி வந்து தன்னையே சுற்றிக்கொள்ளும். பெரிய சிக்கல் விழும். நைலானாக இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு ஒரு நிமிஷத்தில் வேறு கட்டலாம். முறுக்கு லீடரை வெட்ட முடியாது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து செய்தது. வீட்டுக்காரர் செய்தது.

மூன்றாம் தேதி காலை, கட்டுரைக்காக நீயும் முறுக்கு லீடரில்தான் இன்று பிடிக்க வேண்டும் என்று அவரே என் தூண்டிலில் கட்டிவிட்டார். ஜீப்பில் வரும்போதே வாக்குவாதம். உன் நைலானைத் தூக்கி அடுப்பில் போடு என்றார். இளக்காரமாகச் சொன்னார் என்று எனக்குப் பட்டது. இப்போது யோசித்தால் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார். ஒன்பதரை மணிக்கு அவர் வளைவுக்கு மேலே போனார். முகம் வெளுத்திருந்ததா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.

மூன்றாவது வீச்சிலேயே ஈ காட்டுப்பூவரசுக் கிளையில் மாட்டியது. இழுத்தேன். லீடர் திரும்பி வந்து என் மூக்குக்கு முன்னால் ஒரு பிடி நூலாகத் தொங்கியது. பாறையில் உட்கார்ந்து, ஊக்கால் ஒவ்வொரு கண்ணியாகப் பிரிக்க ஆரம்பித்தேன். வாயில் வந்ததையெல்லாம் அவரைத் திட்டினேன்.

அப்போது விசில் கேட்டது. ஒரு தடவை.

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நான் சொன்னது பொய். நன்றாகக் கேட்டது. மீன் மாட்டியிருக்கிறது, முறுக்கு லீடரின் பெருமையைக் காட்டக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். கைவலை என்னிடம்தான் இருந்தது. பிடித்தவர் கையாலேயே தூக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சிக்கல் பிரிய இருபது நிமிஷம் ஆனது. பிரித்து முடித்துவிட்டுத்தான் போனேன். பாறையில் சாய்ந்து, காலைத் தண்ணீரில் விட்டபடி உட்கார்ந்திருந்தார். போயிருந்தார்.

ஒரு விசில் என்றால் மீன். ஆனால் இரண்டாவதை ஊத மூச்சு இல்லாமல் போனாலும் ஒரு விசில்தான் கேட்கும். எது என்று பீரோ மேல் இருக்கிற தூண்டில் சொல்லிவிடும். மீன் மாட்டியிருந்தால் கயிறு வெளியே கிடந்திருக்கும். உடம்புக்கு முடியாமல் போயிருந்தால், அவர் சுபாவத்துக்கு, கயிற்றைச் சுற்றி ஈயை மாட்டி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்.

பிப்ரவரி 23, வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்தேன். யாரோ எழுதியது போல் இருக்கிறது. பிற்பகல் மூன்று மணி வரை தூங்கினேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஜெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை. பூசைக்கு யாரையெல்லாம் கூப்பிடுவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். அவள், நீ மட்டும் சத்தம் கேட்டிருந்தா எப்படி ஓடியிருப்பேன்னு எனக்குத் தெரியும்மா என்று, என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

“கேட்டுச்சு. ஒரு விசில். மீன்னு நெனச்சேன். கோவத்துல போகல.”

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள். திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தபோது கை ஈரமாகவே இருந்தது.

“ரெண்டாவது ஊத முடியாமப் போயிருந்தா?”

“அதான் எனக்கும் தெரியல.”

தூண்டிலைப் பிரித்தால் தெரியும் என்று அவளுக்கு விளக்கினேன். கயிறு வெளியே கிடந்து நுனி அறுந்திருந்தால் மீன், ஈ மாட்டி வைத்திருந்தால் மீன் இல்லை. அவள் பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதே பிரிக்கலாமா என்று கேட்டாள். என்னால் முடியாது என்றேன். பூசைக்கு முந்தின நாள் சேர்ந்து பிரிக்கலாம் என்று முடிவாயிற்று.

என்மேல் கோபமா என்று கேட்டேன். “இருக்கும்மா” என்றாள். அவள் மறைக்காமல் சொன்னது நல்லதுதான்.

பிப்ரவரி 28, புதன்

பேசவில்லை. சோறு பரிமாறினாள். சாப்பிட்டேன்.

மார்ச் 1, வெள்ளி

காலையில் நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். பூசைக்குப் பணியாரம் வேண்டுமா என்று பலகாரம் போடுகிற அந்தோனியம்மாள் கேட்டாள், சரி என்றேன். திரும்பி வந்தபோது ஜெனிட்டாவின் கட்டைவிரலில் பிளாஸ்திரி. கேட்டதற்குக் கத்தரிக்காய் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டது என்றாள். மத்தியானம் சாப்பிட்டது ரசமும் பருப்புத் துவையலும்.

என்னிடம் பழையபடி பேசுகிறாள். தலை வாரிவிட்டாள்.

மார்ச் 2, சனி

பத்து மணிக்குத் தூண்டிலை இறக்கினோம். ஜெனிட்டாதான் ஸ்டூலில் ஏறி எடுத்தாள். சாப்பாட்டு மேசையில் வைத்தோம்.

போஜன் கொண்டு வந்தபோது போட்டிருந்தது மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. போஸ்டாபீசில் அவ்வளவு பார்சலைக் கையில் வாங்கியவளுக்கு முடிச்சு மறக்காது. இப்போது இருந்தது ஷூ நாடாவுக்குப் போடுகிற முடிச்சு. இழுத்ததும் அவிழ்ந்தது.

துண்டைப் பிரித்தாள். கயிறு கொஞ்சம் தளர்ந்து வெளியே கிடந்தது. லீடர் நேராக, ஒரு மடிப்பும் இல்லாமல் இருந்தது. கண்ணியில் நுனி நைலான் நான்கு விரல் நீளம்தான் இருந்தது. ஈ இல்லை.

“பாரும்மா. அறுத்துட்டுப் போயிருக்கு. மீன்தான்.”

நைலானை எடுத்துப் பார்த்தேன். இழுத்து அறுந்த நைலான் நுனியில் பன்றி வாலாகச் சுருண்டிருக்கும், எனக்கு அதில் அனுபவம் உண்டு. இது சுருளவில்லை, வெட்டினது போல் நேராக இருந்தது. பிறகு தூண்டிலைக் கையில் எடுத்தேன். கைப்பிடியை ஒட்டிய சின்ன வளையம் பளபளவென்று இருந்தது. மூன்றாவது வளையத்தின் உள்பக்கம் கொக்கி அளவுக்கு ஒரு துருக்கறை. ஈரக் கொக்கி நாலு வாரம் உட்கார்ந்திருந்தால் விழுகிற கறை.

ஜெனிட்டா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாள்.

“ஆமா,” என்றேன். “பெருசாத்தான் இருந்திருக்கும்.”

“சந்தோஷமாத்தான் ஊதியிருக்காரும்மா.”

அவள் உடைந்து அழுதாள். நான் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதமாக எனக்காக அடக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

பூசை நன்றாக நடந்தது. இன்னாசி ஆத்துமா இளைப்பாற என்று சாமியார் பெயர் சொல்லி வாசித்தார். பணியாரம் மீந்தது.

மார்ச் 4, திங்கள்

அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். உடம்புக்கு முடியவில்லை என்று தெரிந்து, கயிற்றைச் சுற்றி, லீடரைக் கீழே வளைத்து மேலே கொண்டுபோய், ஈயை மூன்றாவது வளையத்தில் மாட்டிவிட்டு, உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் போகவில்லை. இதை இங்கே ஒரு தடவை எழுதிவிட்டேன். வேறு எங்கேயும் எழுதமாட்டேன்.

ஜெனிட்டா குளிக்கப் போயிருந்தபோது எலுமிச்சம்பழத் தோலில் உப்பு வைத்து மூன்றாவது வளையத்தைத் தேய்த்தேன். பத்து நிமிஷத்தில் கறை போய்விட்டது. தேய்க்கும்போது அழுகை வந்தது. இந்த ஒரு மாதத்தில் இதுதான் முதல். அவள் வெளியே வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டேன்.

பிறகு கட்டுரை. நான் சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் அடித்தாள். நிறை ஒன்று, நிறை இரண்டு. மூன்றாவதை விட்டுவிட்டேன். குறைகளில் நான்காவதை, முடிச்சு சிக்கும் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். ஈயை மாட்டுகிற விதம் மலருக்கு வேண்டாம். ஐந்துக்குப் பிறகு ஆறு என்று சொன்னேன்.

“குறை ஆறு. பெரிய மீன் வந்தால் நுனி அறுந்துவிடும். பிப்ரவரி மூன்றாம் தேதி அப்படி ஒன்று அறுந்தது.”

அவள் விரல் சற்று நின்றது. பிறகு அடித்தாள்.

மார்ச் 6, புதன்

ரங்கபாஷ்யம் போன். கட்டுரை பிரமாதமாம், ஆனால் ஒரு சந்தேகமாம். “அம்மா, முறுக்கு லீடர் அறுந்துபோகாதுன்னுதானே இன்னாசி சார் எங்களோட பதினொரு வருஷம் சண்டை போட்டார்? நீங்க தலைகீழா எழுதியிருக்கீங்களே. எடுத்துடட்டுமா?”

ஜெனிட்டா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள்.

“எடுக்காதீங்க. அறுந்துச்சு. நான் பாத்தேன்,” என்றேன்.

ஜெனிட்டா சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பஸ்ஸில் சாப்பிட அவளுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன்.